நான் படிக்காமல் விட்ட அறிவிப்பு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முன்பெல்லாம் பிள்ளைகளின் கல்யாணத்தைப் பேசுவோம். இப்போது கண்ணைத்தான் பேசுகிறோம். உனக்குப் புரையா, எனக்குப் பிரஷரா, ஊசி போட்டார்களா, வலித்ததா. கண் டாக்டரின் கிளினிக்கில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது பார்த்திருப்பீர்கள், எல்லார் கையிலும் ஒரு போன், காதில் ஒரு குமிழ். போன் பேப்பர் படிக்கிறது, மெசேஜ் படிக்கிறது, கதைப் புத்தகம்கூடப் படிக்கிறது. அழவேண்டிய இடத்தையும் மளிகைச் சாமான் பட்டியலைப் போலவே படித்துவிட்டுப் போகிறது.

மெஷின் குரலில் உயிரே இல்லை, பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று உங்களில் பல பேர் என்னிடம் குறைப்பட்டிருக்கிறீர்கள். நான் தலையை ஆட்டிவைப்பேன். உண்மையைச் சொன்னால், மனிதர்கள் எனக்குப் படித்துக் காட்டினால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏனென்றால் ஒரு காலத்தில் நான் படித்துக் காட்டியவள். படிக்கிறவர்கள் எந்த இடத்தில் விடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அந்த வீடுகளையெல்லாம் இடித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அப்பா சிக்னல்மேன், ரிட்டயர் ஆகிவிட்டவர். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணனின் பெயரில் குவார்ட்டர்ஸ் இருந்தது. அண்ணனும் ரயில்வேதான், ஆபீசில் கிளார்க். எனக்கும் அவருக்கும் பதினாறு வயது வித்தியாசம். நான் கடைசியாக, யாரும் எதிர்பாராமல் வந்து பிறந்தவள். அதனால்தானோ என்னவோ அப்பாவுக்கு என்னிடம் கோபமே வராது.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. முதலில் தூரத்துச் சிக்னல் மங்கியது, பிறகு தட்டில் இருக்கும் மீன் முள் தெரியவில்லை, கடைசியில் பேப்பர் போயிற்று. அவருக்குச் சோறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தமிழ்ப் பேப்பர் வேண்டும். அதிலும் முதலில் மரண அறிவிப்புப் பக்கம். சிரிக்காதீர்கள், நாமும் அப்படித்தான் ஆகிவிட்டோம். யார், எந்த ஊர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், பிள்ளைகள் யார் யார் என்று எல்லாம் தெரிந்தாக வேண்டும். ரப்பர்த் தோட்டத்திலும் ரயிலிலும் பழகியவர்கள் எங்கெங்கோ சிதறிக் கிடந்த காலம். அந்தப் பக்கம்தான் அவர்களைச் சேர்த்து வைத்தது.

அண்ணன் ஒரு கேசட் ரிக்கார்டர் வாங்கி வந்தார். கறுப்புப் பெட்டி, தோல் உறை, நூல் மாதிரி வயரில் ஒரு சின்ன மைக். சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ரிக்கார்ட் ஆகும். காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன் அடுப்படியில் உட்கார்ந்து நான் பேப்பரை அதில் படித்து வைப்பேன். பகல் முழுக்க அப்பா போட்டுக் கேட்பார். பிடித்த செய்தியைத் திருப்பித் திருப்பிப் போடுவார். சனி, ஞாயிறிலும் அதே வழக்கம்தான். நேரில் படிக்கிறேன் என்றால் வேண்டாம் என்பார். "நேர்ல படிச்சா ஒருவாட்டிதான்மா கேக்க முடியும்," என்பார்.

அந்தப் பெட்டியால் இன்னொரு காரியமும் நடந்தது. கிள்ளானில் அத்தை இருந்தார், அப்பாவின் ஒரே தங்கை. இரண்டு பேரும் சின்ன வயதில் கப்பலில் வந்தவர்கள். இந்த நாட்டில் அவர்களுக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்குக் கண் போன பிறகு கடிதமும் நின்றுபோயிற்று. அத்தை மகனிடமும் ஒரு ரிக்கார்டர் இருந்ததால் இருவரும் கேசட்டில் பேசி அனுப்பத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன்தான் தபால்காரர்.

அத்தையின் கேசட் வந்தால் எங்கள் வீட்டில் திருவிழா. பேச்சுக்கு நடுவில் மழை, தகரக் கூரை, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம் கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலே அத்தை வீட்டுச் சேவல் கூவும். "சனியன் புடிச்ச சேவல், பேச விடுதா பாரு," என்று மைக்கிலேயே திட்டுவார். தீபாவளிக்கு அந்தச் சேவலை அறுத்துக் குழம்பு வைத்து, எங்களுக்கும் ஒரு தூக்குச் சட்டியில் அனுப்பினார். இறைச்சி வேகவே இல்லை. அப்பா ஒரு துண்டை அரைமணி நேரம் மென்றார். சேவல் செத்தும் பழிவாங்குகிறது என்று அண்ணன் சொன்னார்.

பொங்கல் கழிந்து அப்பாவுக்கு வலது கண்ணில் ஆபரேஷன். இப்போது மாதிரி காலையில் போய் மத்தியானம் திரும்புகிற விஷயம் இல்லை அது. தலைக்கு இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்து நாள்கணக்கில் அசையாமல் படுக்க வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தபோதும் வலது கண்ணில் கட்டு. இடது கண்ணைப் புரை முழுசாக மூடியிருந்தது. குனியக்கூடாது, தூக்கக்கூடாது, இருமக்கூடாது.

எங்கள் வரிசையில் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒருவர் குடியிருந்தார். கட்டைப் பார்த்துவிட்டு வாசலில் வைத்து அம்மாவிடம் சொன்னார்: "எல்லாத்தையும் விட முக்கியம், அழக்கூடாது அக்கா. கண்ணீர் வந்துச்சுன்னா தையல் பிரிஞ்சுடும். பிரிஞ்சா அவ்வளவுதான், கண்ணு வெளிய வந்துடும் லா."

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கண் வெளியே வந்துவிடும் என்ற வார்த்தை அன்றைக்கு எனக்குள் போனது. இத்தனை வருஷமாகியும் முழுசாக வெளியேறவில்லை. ராத்திரி படுத்தால் அப்பாவின் கட்டுக்கு அடியில் நூல் நூலாகப் பிரிவது தெரியும். காலையில் எழுந்ததும் முதலில் அந்தக் கட்டு காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அம்மா எனக்கு மேல். வெங்காயத்தை வீட்டுக்குள் நறுக்குவதையே நிறுத்திவிட்டார். பின்பக்கம் கால்வாய் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நறுக்குவார். வானொலியில் சோகப் பாட்டு வந்தால் ஓடிவந்து நிறுத்துவார். வீட்டுக்கு வருகிறவர்களை வாசலிலேயே மறித்து, நல்ல விஷயம் மட்டும் பேசுங்கள் என்று சொல்லித்தான் உள்ளே விடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே அடுப்படிக்குப் போனார். ஆபீசுக்கு டெலிபோன் வந்ததாம். கிள்ளான் அத்தை மத்தியானம் சோறு வடிக்கும்போது சரிந்து விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அந்தச் சின்ன அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் மூன்று பேரும் நின்றோம்.

"அப்பாகிட்ட சொன்னா கண்ணு போயிடும்," என்றார் அண்ணன்.

"சொல்லலைன்னா பாவம்டா. ஒரே தங்கச்சி. பொறந்த வீட்டுக் கோடி யாரு போடறது?"

தெரியாதவர்கள் இருக்கமாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். கல்யாணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து, அண்ணனோ தம்பியோ, புதுச்சேலை கொண்டுபோய்ப் போர்த்தவேண்டும். அது வராமல் எடுத்தால் அவள் நாதியற்றுப் போனாள் என்று பேசுவார்கள்.

"நான் போறேன். வழியில ஒரு சேலை வாங்கிப் போட்டுடறேன். அப்பாவுக்குக் கட்டு அவுத்ததும் சொல்லிக்கலாம்," என்ற அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நாளைக்குப் பேப்பர்ல வரும். நீ அத மட்டும் படிக்காத. புரியுதா? உன் கையிலதான் இருக்கு அப்பா கண்ணு."

பெரியவர்கள் யோசிக்காமல் சொல்லும் வார்த்தைகள் இப்படித்தான். பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் ஓர் ஆளின் கண்ணை எடுத்து வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. அடுப்படியில் பேப்பரை விரித்தேன். பக்கத்தின் நடுவில் அத்தை இருந்தார். என்றைக்கோ அடையாளக் கார்டுக்கு எடுத்த படம். பல் தெரியாமல் வாயை மூடி, அத்தை மாதிரியே இல்லை. இன்று மாலை நான்கு மணிக்கு நல்லடக்கம் என்று போட்டிருந்தது. பட்டனை அழுத்தி முதல் அறிவிப்பைப் படித்தேன், இரண்டாவது, மூன்றாவது. அத்தை வந்ததும் பதிவை நிறுத்தினேன். படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு மறுபடி அழுத்தி அடுத்த அறிவிப்பைத் தொடர்ந்தேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. அந்தத் தாளை மடித்து அடுப்புக்குப் பக்கத்தில் விறகின் அடியில் சொருகிவிட்டேன்.

அப்பா சாய்வு நாற்காலியில் சாய்ந்து கேட்டார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அறிவிப்பு, இரண்டு, மூன்று. பிறகு பெட்டியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டக். அப்புறம் இன்னொரு டக். நான் நிறுத்தியதும், மறுபடி தொடங்கியதும். இத்தனை மாதம் ரிக்கார்ட் செய்தும் நிறுத்தினால் சத்தம் பதிவாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நடுவில் நிறுத்த வேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை.

அப்பா விரலைத் தூக்கினார். நான் பெட்டியை நிறுத்தினேன்.

"ஏம்மா நடுவுல நிறுத்தின?"

"இருமல் வந்துச்சுப்பா."

உள்ளே அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அண்ணன் கிளம்பிக்கொண்டிருந்தார், ஆபீசில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு.

"சரி. இன்னிக்கு நல்லாப் படிச்ச," என்றார் அப்பா. பிறகு குரலை உயர்த்தி அம்மாவைக் கூப்பிட்டார். "பெட்டியில கீழ ஒரு சேலை இருக்கு பாரு, மயில்கழுத்துக் கலரு. தங்கச்சிக்குன்னு தீபாவளிக்கு எடுத்தது, குடுக்காமலே கெடக்கு. பெரியவன்கிட்ட இன்னிக்கே குடுத்தனுப்பு. ஓவர்டைம் முடிச்சு அப்படியே கிள்ளானுக்குப் போயிட்டு வரட்டும்."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அண்ணனின் முகம் வெளிறிப்போயிற்று. சாமிதான் அப்பாவின் வாயில் வந்து சொல்லிவிட்டது என்று அம்மா பின்னால் அக்கம்பக்கத்தில் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு போனார். அத்தைக்குப் பிறந்த வீட்டுக் கோடி போய்ச் சேர்ந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அப்பா எப்போதும் போல கேசட்டில் பேசவேண்டும் என்றார். நான் மைக்கைப் பிடித்தேன். அவர் செத்துப்போன அத்தையிடம் பேசினார். நல்லா இருக்கேன், கண்ணு அரிக்குது, உங்கண்ணி பத்தியச் சோறு போட்டே கொல்றா, சேலை புடிச்சிருந்துச்சா. ஒவ்வொரு வார்த்தைக்கும் எனக்குப் பற்கள் அடித்துக்கொண்டன. அத்தை எங்கேயோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் செய்த வேலை அவருக்குத் தெரியும் என்று தோன்றியது. பாத்ரூமுக்குக்கூடத் தனியாகப் போகமுடியவில்லை எனக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்டார்: "தங்கச்சிகிட்டேருந்து பதில் வரலையா?"

அடுப்படியில் மறுபடி குழாய் திறந்தது. பழைய கேசட்டையே போட்டுவிடலாம் என்று சொன்னது அண்ணன். அப்பா தூங்கியதும் சத்தத்தைக் குறைத்து, வந்த கேசட்டுகளைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். பொங்கலுக்கு அப்புறம் வந்ததிலெல்லாம் ஆபரேஷன் பேச்சு இருந்தது. கடைசியில் பழையது ஒன்று கிடைத்தது. அதில் அத்தை முழங்கால் வலி, மழை, மருமகள் இதைத்தான் பேசியிருந்தார். அதையே புதிது என்று கொண்டுவந்து போட்டோம்.

நல்ல பகல்வெளிச்சம். ரயில் எஞ்சின்கள் வெளியே நகர்கிற சத்தம். அந்த அறையில் அத்தை பேசத் தொடங்கினார். "அண்ணே, எப்படி இருக்கே? ஒருநாளு வந்து என் மூஞ்சியப் பாத்துட்டுப் போ. முன்னாடி ரெண்டு பல்லு போயிடுச்சு, பாத்துட்டுச் சிரிக்கப்படாது." மண்ணுக்குள் போனவரின் குரல், மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. நான் காதைப் பொத்திக்கொள்ளப் பார்த்தேன், அண்ணன் கண்ணால் அதட்டினார். பின்னால் சேவல் கூவியது. அத்தை அதைத் திட்டினார்.

அப்பா புன்னகை செய்தார். முழுசாக முடியும்வரை கேட்டார். பிறகு, "இன்னொருவாட்டிப் போடும்மா," என்றார். அன்றைக்கு நான்கு முறை போட்டோம்.

கட்டு அவிழ்த்து, பாட்டில் அடிப்பாகம் மாதிரித் தடித்த கண்ணாடி போட்டார்கள். முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். "இளைச்சுட்டியே," என்றார். எங்கள் வீட்டில் அத்தை விஷயத்தை யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை. நீ சொல், நீ சொல் என்று அம்மாவும் அண்ணனும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அப்பா ரயில்வே பாஸை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வா, கிள்ளானுக்குப் போலாம்," என்று என் கையைப் பிடித்துக் கிளம்பிவிட்டார். பதினாறாம் நாள் காரியம்கூட அதற்கு முன்பே முடிந்திருந்தது.

ரயிலில் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. வீட்டுக்குள் நுழைந்ததும் படத்தைப் பார்ப்பார், மாலையைப் பார்ப்பார், அழுவார், எல்லாம் முடிந்துவிடும். பெட்டாலிங் ஜெயா தாண்டியதும் என்னால் தாங்க முடியவில்லை. "அப்பா, அத்தை..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா."

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ டக்குனு நிறுத்தின. உங்கம்மா வெங்காயம் நறுக்காமலே மூக்க உறிஞ்சினா. எங்கிட்ட மறைக்கிற மாதிரி இந்த ஊர்ல எனக்கு வேற யாரு இருக்கா?"

"அப்ப... அந்தச் சேலை?"

"அண்ணங்காரன் உயிரோட இருக்கறப்ப அவளுக்கு வழியில வாங்கின சேலையா போடறது?"

"கேசட்டு?"

"அந்தச் சேவலத்தான் தீபாவளிக்குத் தின்னோமே. எனக்கு இன்னும் பல்லு வலிக்குது." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அவ குரலக் கேக்கணும் போல இருந்துச்சு. கேட்டா எப்படியாவது குடுப்பீங்கன்னு தெரியும்."

"ஏம்ப்பா அழவேயில்ல?"

"நீதான் காலடியிலயே உக்காந்து மூச்சப் புடிச்சுட்டு இருந்தியே. மைக்கைப் புடிச்சப்ப உன் பல்லு அடிச்சுக்கற சத்தம் கேட்டுச்சு. நான் அழுது, கண்ணு போச்சுன்னா, உன்னாலதான் போச்சுன்னு நீ சாகறவரைக்கும் நெனச்சுட்டு இருப்ப."

கிள்ளானில் அத்தையின் படத்துக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அழுதார். நான் பார்த்தவரையில் ஆண்கள் அப்படி அழுததில்லை. "கண்ணு போயிடும்ப்பா, கண்ணு போயிடும்!" என்று நான் அலறினேன். அத்தை மகன் ஓடிவந்து என்னைப் பிடித்தார். அப்பா ஈரமுகத்தோடு என்னைத் தேடி இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"போனா போகட்டும். நீ படிச்சுக் காட்டு. ஆனா எல்லாத்தையும் படி."

கண் போகவில்லை. சாகும்வரை அந்தக் கண்ணால்தான் பேப்பர் படித்தார். போன வருஷம் என் கண் டாக்டரிடம் இதைச் சொன்னேன். சின்னப் பெண். "அழுதா தையல்லாம் பிரியாது ஆன்டி. அந்தக் காலத்துல பலமா இருமினா, குனிஞ்சு பாரம் தூக்கினா, அதுக்குத்தான் பயந்தாங்க," என்று சிரித்தாள். ஒரு டிரஸ்ஸரின் வாய்வார்த்தைக்கு அப்பா அத்தனை நாள் தங்கையின் சாவைத் தொண்டைக்குள் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ரிக்கார்டர் எங்கே போயிற்றென்று தெரியாது. அத்தையின் கேசட்டில் பூஞ்சை பிடித்து நாடா அறுந்துபோயிற்று.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். போன வாரம் என் ரிப்போர்ட் வந்தது, ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். முதல் பக்கம் சரளமாகப் போயிற்று. இரண்டாவது பக்கத்தின் நடுவில் ஒரு மூச்சளவு நின்றாள். பிறகு அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதியைப் படித்தாள். டக் என்ற சத்தம் இல்லை. ஆனால் எனக்குக் கேட்டது. அவள் கையில் தாள் சலசலத்ததும் கேட்டது.

எல்லாத்தையும் படி என்று கேட்டிருக்க வேண்டும். அப்பா சொன்னது அதுதானே. வாயைத் திறந்தேன். என் காலடியில் பதினொரு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

"நல்லாப் படிச்சம்மா," என்றேன்.

அவள் வேலைக்குப் போனதும் மேஜை டிராயரின் அடியிலிருந்து தாளைத் தேடி எடுத்தேன். அவள் ஒளித்துவைத்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்குக் கண் தேவைப்படவில்லை. போனை அதன்மேல் பிடித்தேன். போன் எங்கேயும் நிற்கவில்லை, தயங்கவில்லை. இடது கண்ணில் பார்வை இனித் திரும்பாது, வலது கண்ணிலும் அதே நோய் தொடங்கியிருக்கிறது, ஊசியால் பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம் என்று படித்துவிட்டு, கிளினிக்கின் விலாசத்தையும் அதே குரலில் படித்தது. அந்தக் குரலை இன்னொரு முறை கேட்கும் தைரியம் வரவில்லை. தாளை அதே இடத்தில் வைத்தேன்.

என் மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால்தான் உங்களுக்கு இதைத் தைரியமாகப் போனிடம் சொல்லி எழுதவைக்கிறேன். நீங்கள் யாரும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "என்னம்மா இது, கண்ணெல்லாம் தண்ணி?" என்றாள். வெங்காயம் என்றேன். எங்கள் இரண்டு பேர் சாம்பாருக்கு ஒன்று போதும். ஆறு நறுக்கியிருந்தேன்.

அவளும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஏழாவது வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினாள்.